ஆத்துக்குச் சாயம் ஊத்த வந்த பேராண்டிக்கு

வா கண்ணு, உக்காரு. நொய்யலுக்குப் பச்சைச் சாயம் ஊத்தப் போறயாமா? ஓவியக் காலேசுக்குக் கட்டுன பீசு வீண் போகலை. ஆனா நீ கொஞ்சம் பிந்திட்டே சாமி. திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரங்க அந்த வேடிக்கையை டிக்கெட்டு இல்லாம வருசக்கணக்காக் காட்டி முடிச்சுட்டாங்க. காலைல சிவப்பு, மத்தியானம் ஊதா. அவங்களுக்கு ஆரும் அவார்டு குடுக்கலை, பாவம்.

நீ போனுல காட்டுனயே, உரிபுருன்னு ஒரு அர்ஜென்டினாக்காரன், 1968ல வெனிசுப் பெரிய கால்வாய்ல சாயத்தைக் கொட்டிப் பச்சையாக்குனான்னு. போலீசு புடிச்சுட்டுப் போயி, விசமில்லாத சாயந்தான்னு தெரிஞ்ச பொறவு உட்டுச்சாமா. நெம்பக் கண்டிப்பான ஊரு! நம்ம பக்கம் விசத்தோட ஊத்துனவனுக்குக் கும்பாபிசேகத்துல பரிவட்டம் கட்டுவோம். நீ சாயம் வாங்குனா பில்லைப் பத்திரமா வெய்யி. விசமில்லைன்னு தெரிஞ்சா உன்னையத்தான் புடிப்பாங்க.

நெறத்தை உடு கண்ணு. நெறம் கண்ணுக்குத் தெரியும், கத்தலாம். பனியன் துணியில சாயம் புடிக்கோணும்னா மூட்டை மூட்டையா உப்புக் கொட்டோணும். சாயம் துணியோட வெளிநாட்டுக்குக் கப்பலேறிரும். உப்பு எங்க போகும்? தண்ணியோட நம்ம காட்டுக்குத்தான். பாசனத்துக்குன்னு கட்டி 1992ல திறந்த ஒரத்துப்பாளையம் அணை, கடைசில சாயத்தண்ணி தேக்கற குட்டையாப் போச்சு. தண்ணி கேட்டு அடிச்சுக்கற நாட்டுல, இந்தத் தண்ணி வேண்டாம்னு கோர்ட்டுக்குப் போன வெவசாயி நாங்கதான். 2011ல கோர்ட்டு பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. பொறவு, ஒரு சொட்டுக் கழிவும் வெளிய உடக் கூடாதுங்கற கட்டுப்பாட்டோட திறந்தாங்க. சொட்டு வர்றதில்லைன்னுதான் சொல்றாங்க. மழை பேஞ்ச ராத்திரி மட்டும் ஆத்துல நொரை நொரையா வருது, மேல யாரோ துணி தொவைக்கறாங்க போல.

கெணத்துத் தண்ணியைப் பாரு, பளிங்காட்டம் இருக்கு. சோப்பைப் போட்டா நொரைக்காது, பருப்பைப் போட்டா வேகாது. உன்ற ஆத்தாவைக் கேளு, ஓவியமாச் சொல்லுவா.

ஹாக்கேன்னு ஒரு ஜெர்மன்காரனைச் சொன்னயே, அவன் காரியக்காரன். 1972ல கிரெஃபெல்டு ஊரு மியூசியத்துக்கே ரைன் ஆத்து அழுக்குத் தண்ணியைக் கொண்டாந்து, வடிகட்டி, தங்கமீன் தொட்டிக்கு உட்டானாமா. மிஞ்சுனது தோட்டத்துக்குப் பாஞ்சுச்சாமா. எனக்கு மீனை விடத் தோட்டந்தான் புடிச்சுது. ஒஹையோவுல சாப்ரான்னு ஒரு வாத்தியார், கைவிட்ட நெலக்கரிச் சொரங்கத்துல இருந்து ஓடைக்கு வர்ற தண்ணியில இரும்புத் துருவைப் பிரிச்சு ஓவியச் சாயமாக்கறாராமா. அந்தாளு இங்க பொறந்திருந்தா இந்நேரம் கோடவுன் புடிச்சிருப்பார்.

நீ செலவில்லாமச் செய்யி. உன்ற ஆத்தாகிட்டக் கேக்காம நாலு தோசைக்கல்லை எடுத்துக்கோ. கேட்டா குடுக்க மாட்டா. பேரூர்ல ஒரு சொம்பு, திருப்பூருக்குக் கீழ ஒரு சொம்பு, ஒரத்துப்பாளையத்துல ஒண்ணு, நொய்யல் காவேரியில சேர்ற எடத்துல ஒண்ணு. கல்லுக்கொண்ணா ஊத்தி வெயில்ல வெய்யி. தண்ணி காஞ்சதும் கருப்புக் கல்லு மேல வெள்ளை வெள்ளையாப் பூத்து நிக்கும் பாரு, அதுல எது எச்சுன்னு எழுதப் படிக்கத் தெரியாதவனும் சொல்லிருவான். நீ பிரஷ்ஷே தொட வேண்டாம். கீழ கையெழுத்து மட்டும் போட்டுராதே, அது உன்ற கைவேலை இல்லை.

திறப்புவிழாவுக்குப் பெரிய மனுசங்களைக் கூப்புடு, பனியன் கம்பெனி மொதலாளிகளை முன் வரிசைல உக்கார வெய்யி. பேச்சு நீண்டா எல்லார்த்துக்கும் காப்பி போடச் சொல்லு, ஒரத்துப்பாளையத்துத் தண்ணியில. எங்கத்த தண்ணின்னு டம்ளர் கைக்குப் போன பொறவு மைக்குல சொல்லு. குடிக்க உட்டுறாதே, கேசாயிரும். ஆராவது தைரியமா ஒரு வாய் குடிச்சுட்டு இன்னொரு டம்ளர் கேட்டாருன்னா, அந்தாளோட பேரை எழுதி வாங்கிட்டு வா. வர்ற பஞ்சாயத்து எலக்சன்ல நிக்க ஆள் தேடிட்டிருக்கோம்.