பாயிண்ட் அண்ணாச்சி

நியூ ஜெர்சியில் எடிசன், இசலின், பிஸ்காட்டவே பக்கம் தமிழர்கள் கூடுகிற எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் அவர் இருப்பார். சாப்பாட்டு மேசையில் சாம்பார் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சற்று நேரத்தில் முகம் செத்துப்போன ஓர் இளைஞன் வந்து, பர்ஸிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டுவான். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுவார். அதற்கப்புறம் கேக் வெட்டினார்களா இல்லையா என்பது அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாது.

தாள், போலீஸ் எழுதிக் கொடுத்த டிக்கெட். தப்புக்குத் தக்கபடி ஓட்டுநர் உரிமத்தில் பாயிண்ட் ஏறும்.

“எவ்வளவுல எவ்வளவு போன?”

“நாப்பதுல அம்பத்தெட்டு, அண்ணாச்சி.”

“பதினெட்டு கூட. பதினஞ்சத் தொட்டாலே நாலு பாயிண்டு. பதினாலோட நிப்பாட்டிருந்தா ரெண்டுதான. நாலு மைலுக்குப் போயி ரெண்டு பாயிண்ட எழந்துட்டியேல!”

பையன் வேகமாகப் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. கணக்குத் தெரியாமல் போனதுதான் வருத்தம். அடுத்து விசாரணை. போலீஸ் நிறுத்தியதும் என்ன செய்தாய்? காரைவிட்டு இறங்கினாயா? இந்தக் கேள்விக்குப் புதிதாக வந்தவர்கள் தலைகுனிவார்கள். நம் ஊரில் சார்ஜெண்ட் கை காட்டினால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, நாமே அவரிடம் நடந்து போவதுதான் மரியாதை. இங்கே இறங்கினால் அவர் கை இடுப்புக்குப் போகும். “ஸ்டியரிங்குல கைய வச்சுட்டுச் சாமி மாதிரி உக்காரணும்ல” என்று இரண்டு கைகளையும் தூக்கி நடித்துக் காட்டுவார். ஒரு கையில் அப்பளம் இருக்கும்.

அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. ஒய்டூகே சமயத்தில் எச்-ஒன்-பி விசாவில் வந்து இறங்கியவருக்கு, அமெரிக்காவில் குளிர் பழகிவிட்டது, சாப்பாடு பழகிவிட்டது. பேரம் இல்லாததுதான் கடைசிவரை பழகவில்லை. காஸ்ட்கோவில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து, விலையைக் கேட்டு, “அடேயப்பா” என்று நடையைக் கட்டுவதுபோல் நாலடி போனால் திரும்பக் கூப்பிட ஆளில்லை. கார் வாங்கும்போது கொஞ்சம் பேசலாம். அது பத்து வருடத்துக்கு ஒருமுறை. இப்படிக் காய்ந்து கிடந்தவர் ஒருநாள் நாலு பாயிண்ட் டிக்கெட்டோடு முனிசிபல் கோர்ட்டுக்குப் போனார். பேரத்துக்கென்றே அரசாங்கம் ஒரு வராந்தா கட்டி வைத்திருப்பதைக் கண்டார்.

நியூ ஜெர்சியில் 564 உள்ளாட்சிகள். ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் தனியாகவோ, பக்கத்து ஊரோடு கூட்டாகவோ ஒரு முனிசிபல் கோர்ட் உண்டு. ஜட்ஜை நியமிப்பது பெரும்பாலும் ஊர் மேயரோ ஊர் மன்றமோ, மூன்று வருடத்துக்கு. பலருக்கு இது பகுதி நேர வேலை. ஜூரி கிடையாது. பல ஊர்களில் கோர்ட் கூடுவதே சாயங்காலம்தான். ஜட்ஜ் முன்னால் போவதற்குமுன் பிராசிக்யூட்டரைப் பார்க்க வரிசை நிற்கும். அவர் டிக்கெட்டைப் பார்ப்பார், உங்கள் பழைய வண்டவாளத்தைப் பார்ப்பார். “வேகத்தை விட்டுவிடுகிறேன், ‘அன்சேஃப் டிரைவிங்’ என்று ஒப்புக்கொள், பாயிண்ட் கிடையாது” என்பார். அந்தச் சட்டப்பிரிவின் எண் 39:4-97.2. அண்ணாச்சி அதை “முப்பத்தொம்போது, நாலு, தொண்ணூத்தேழு பாயிண்ட் ரெண்டு” என்று ஒரே மூச்சில் சொல்லும்போது முகத்தில் ஒரு பக்தி தெரியும்.

நாலு பாயிண்ட் பூஜ்யம் ஆனது. அப்பாவின் கடையில்கூட அப்படித் தள்ளுபடி கிடையாது. அவர் கோர்ட் படி ஏறியது வாழ்க்கையில் அந்த ஒரே தடவை. இருபது வருடமாக அதை வைத்தே ஆலோசனை வழங்கிக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரு சங்கதியை மட்டும் அவர் அழுத்திச் சொல்வதில்லை. நாற்பதில் ஐம்பத்தெட்டு போனதற்கு டிக்கெட்டில் போட்டிருக்கும் தொகை நூறு டாலர் சொச்சம். பிராசிக்யூட்டரோடு பேசி, பாயிண்ட்டைக் கழித்தால், முதல் தடவைக்கு 50 முதல் 150 டாலர் வரை அபராதம், கோர்ட் செலவு, அதற்குமேல் மாநிலத்துக்கு 250 டாலர் சர்சார்ஜ். கூட்டினால் நானூறைத் தாண்டலாம். பேரம் பேசி விலையை ஏற்றிக்கொண்டு வருகிற கடை உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். கேட்டால், “இன்சூரன்ஸ்காரன் ஏத்துனா வருசா வருசம்லா குடுக்கணும்” என்பார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கண் மின்னுவது இன்சூரன்ஸுக்காக அல்ல.

பயிற்சி கடுமையாக இருக்கும். ஜட்ஜ் “நீங்களாக மனமுவந்துதான் ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கேட்பார், “எஸ், யுவர் ஆனர்.” “வண்டியைப் பத்திரமில்லாமல் ஓட்டினீர்களா?” “எஸ், யுவர் ஆனர்.” நிறுத்து. அதற்குமேல் ஒரு சொல் கூடாது. நம்மவர்களால் இது ஆகிற காரியமா? ஒரு பையன் “எஸ், யுவர் ஆனர், பட் எல்லாரும் அதே ஸ்பீடுலதான் போனாங்க” என்று ஆரம்பித்திருக்கிறான். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் விசாரணை நடத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி இன்றைக்கும் அந்தப் பையனை “பட்டு” என்றுதான் கூப்பிடுகிறார்.

போலீஸ் வராவிட்டால் கேஸ் தானாகத் தள்ளுபடி என்றும் ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறார். ஜட்ஜ் பெரும்பாலும் வேறு தேதிதான் கொடுப்பார் என்று பட்டவர்கள் சொன்னாலும் ஏற்பதில்லை. “கிரீன் கார்டுக்கு இதனால பிரச்சினை வருமா, அண்ணாச்சி?” என்ற கேள்விக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, “அத வக்கீல்ட்ட கேட்டுரு” என்பார். தெரியாது என்பதை இவ்வளவு கௌரவமாகச் சொல்லலாம் என்று நான் தெரிந்துகொண்டது அவரிடம்தான்.

அவருடைய உண்மையான சொத்து ஞாபகசக்தி. பாயிண்ட் இல்லாத அந்தச் சலுகை முதல் இரண்டு தடவைக்குத்தான். ஐந்து வருடத்துக்குள் மூன்றாவது என்றால் அதற்கே நாலு பாயிண்ட். ஊரில் யார் எத்தனையைச் செலவழித்தார்கள் என்பதை அண்ணாச்சி மனசுக்குள் பற்று வரவு எழுதி வைத்திருக்கிறார். கோவிலில் பிரதட்சிணம் வரும்போது எதிரே வருபவரை நிறுத்தி, “ஒமக்கு ரெண்டும் தீந்துட்டு. ரெண்டாயிரத்து இருவத்தெட்டு வரைக்கும் மெதுவாப் போரும்” என்பார். சம்சாரம் பக்கத்தில் இருக்கிறாளே என்று பார்க்க மாட்டார். எத்தனையோ ரகசிய டிக்கெட்டுகள் அப்படித்தான் வீட்டுக்குத் தெரிந்தன.

2020-க்குப் பிறகு சின்ன கேஸ்கள் பலவும் ஜூமுக்குப் போய்விட்டதில் அவருக்குத் துக்கம். வராந்தா போயிற்றே! இப்போது சட்டை இஸ்திரி போட்டுக்கொள், பின்னால் சாமி படம் தெரியாமல் பார், அந்த நேரத்தில் குக்கர் வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல் என்பதாகப் பாடம் சுருங்கிவிட்டது. 2024-இல் மிச்சிகனில் ஒருவர், உரிமம் முடக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்த வழக்கில், காரை ஓட்டிக்கொண்டே ஜூமில் ஜட்ஜ் முன் ஆஜரான வீடியோ உலகம் சுற்றியது. அதை அண்ணாச்சி பார்ப்பவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். சிரிக்காமல் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு டிக்கெட் வருவதேயில்லை. வராத மாதிரி ஓட்டுகிறார். அறுபத்தைந்து மைல் சாலையில் ஐம்பத்தைந்தில் போவார். பின்னால் வருகிற லாரிகள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோகும். ஆனால் அவர் சம்சாரம், எங்கள் மதினி, ஸ்டாப் சைனில் முழுசாக நிற்காமல் உருண்டு போனார் என்று ஒரு சனிக்கிழமை மாட்டிக்கொண்டார். இரண்டு பாயிண்ட், 85 டாலர். கடை வாசலில் காரை நிறுத்தி, போனிலேயே என்ஜேஎம்சிடைரக்ட் இணையதளத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். “ஒனக்கு ரெண்டும் முழுசா இருக்கே! தொடவே இல்லியே! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கக் கூடாதா?”

“எதுக்கு? ஆறு பாயிண்டு வந்தாத்தான வருசா வருசம் கவுர்மெண்டுக்குத் தெண்டம். எனக்கு ரெண்டுதான். தப்பு இல்லாம ஒரு வருசம் ஓட்டுனா மூணு கழிச்சுருவான், பொறவு ஒண்ணுமே இல்ல. எம்பத்தஞ்சு டாலரோட முடியுத வேலைக்கு நானூறு டாலர் குடுத்து ஒங்க பிராசிக்யூட்டரப் போயிப் பாக்கணுமோ?”

அண்ணாச்சி விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். கணக்கு சரியாகத்தான் வந்தது. அடுத்த விருந்தில் அதே நாற்காலியில்தான் இருந்தார். ஒரு பையன் தாளை நீட்டியபோது வாங்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பாயிண்டுதானா?” என்றார். பிறகு, மேசைக்கு அந்தப் பக்கம் வடை எடுத்துக்கொண்டிருந்த மதினிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, “கோர்ட்டுக்கே போயிருல” என்றார்.