தொட்டியியல்

பாயிரம்

வீடு கட்டுவோர் தரைக்கு மேலுள்ளதைத் தாமே ஆராய்வர். கீழுள்ளதை மேஸ்திரியிடம் விடுவர். டைல்ஸ் நிறத்துக்காக ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்குபவரும் செப்டிக் டேங்க் என்று வந்தால், "நீங்களே பாத்துப் பண்ணிடுங்க மேஸ்திரி" என்று சொல்லி அமைவர். அக்குறை நீக்கவே இந்நூல். பாதாளச் சாக்கடை இணைப்புள்ள தெருவார் இதைக் கற்க வேண்டா. அவர் துன்பம் வேறு, அதற்கு நூலும் வேறு.

வகையியல்

குழி மூவகைப்படும்: உறை, அறை, ஆயத்தம் என.

உறை என்பது சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மேலே மூடுவது. அடித்தளம் கிடையாது. "இது நிறையவே நிறையாது சார்" என்று இதன் சிறப்புரைப்பர் மேஸ்திரியர். நிறையாமைக்குக் காரணம் கசிவு; ஆதலின் அவர் குணமென்றதை யாம் குற்றமென்போம். நிலத்தடி நீர் ஆழத்தில் கிடக்கும் ஊரில், இரு குழி தோண்டி, ஒன்று நிறைந்ததும் அடைத்து ஓராண்டுக்கு மேல் ஆறவிட்டு, அதுவரை மற்றதைப் பயன்படுத்துவாராயின் இம்முறையும் ஏற்புடைத்தே. ஆறியது உரமாகும்.

அறை என்பது செங்கல்லாலோ காங்கிரீட்டாலோ கட்டி, அடியும் பக்கமும் நீர் கசியாமல் பூசி, இடைச்சுவரால் இரண்டாகப் பகுத்தது. செப்டிக் டேங்க் என்னும் பெயருக்கு முழு உரிமையுடையது இதுவே.

ஆயத்தம் என்பது ஃபைபரிலோ பிளாஸ்டிக்கிலோ வார்க்கப்பட்டு லாரியில் வந்து இறங்குவது. வேலை விரைவில் முடியும். ஆனால் நீர்மட்டம் உயரும் நிலத்தில், காலியாயிருக்கையில் மண்ணைப் பிளந்து மிதந்தெழும் இயல்புடையது. அங்கே அடியில் காங்கிரீட் தளமிட்டுத் தொட்டியைப் பிணித்து வைக்க. எங்காயினும், உள்ளே நீர் நிரப்பிக்கொண்டே சுற்றிலும் மண் தள்ளுக. "ஆயுளுக்கும் சுத்தம் செய்யத் தேவையில்லை" என்னும் விளம்பரம் உயர்வு நவிற்சி அணியின்பாற்படும்.

உறுப்பியல்

தொட்டியுள் நிகழ்வது யாதோ எனின், பிரிதல். நீர் ஒரு நாளேனும் தங்க, கனமானது அடியில் சேறாகவும், இலேசானது மேலே ஏடாகவும், நடுவே தெளிநீருமாக நிற்கும். காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் சேற்றைத் தின்று குறைக்கும், முற்றும் தீர்க்கா. பினாயிலையும் ஆசிட்டையும் வாளிவாளியாய் ஊற்றும் தூய்மைப் பிரியர் இவ்வுயிர்களைக் கொன்றுவிட்டு நாற்றத்துக்கு மேஸ்திரியை ஏசுவர்.

முதல் அறை மூன்றில் இரு பங்கு, இரண்டாவது ஒரு பங்கு. ஏடு கலங்காதிருக்க உள்வழியிலும் வெளிவழியிலும் 'டி' பைப். வாயு போக உயர்ந்த காற்றுக் குழாய். வெளிவரும் நீர் தெளிந்ததேயன்றித் தூயதன்று; அது உறிஞ்சு குழிக்குச் செல்லல் விதி, தெருக் கால்வாய்க்குச் செல்லல் வழக்கு.

அளவுக்கு நூல், ஐ.எஸ். 2470 என்னும் இந்தியத் தரநிலை. கொள்ளளவு 1,000 லிட்டருக்கும், அகலம் 75 செ.மீ.க்கும், நீரின் ஆழம் 1 மீட்டருக்கும் குறையலாகாது. நீளம் அகலத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு. இதற்கு மேஸ்திரி மதம்: "பெருசாப் போட்டுட்டா இருபது வருஷத்துக்குத் தொந்தரவில்ல." அது பொருந்தாது. இருபது ஆண்டு கிடந்த சேறு கெட்டியாகி லாரியின் குழாய்க்கு வாராது. பிறகு மண்வெட்டியோடு ஆளைத் தேடுவர். அத்தேடலின் முடிவு மூடியியலுள் காண்க.

இடவியல்

உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டர் அப்பால் வேண்டும் என்பது நூல். 18 மீட்டர் ஏறத்தாழ 60 அடி. 40-க்கு 60 அடி என அமைந்த ஒரு கிரவுண்டு மனையில் இது மனையின் முழு நீளம்.

வாஸ்து மதம் வேறு: கிணறு ஈசானிய (வடகிழக்கு) மூலையில், குழி வாயு (வடமேற்கு) மூலையில். ஒரு மனைக்குள் நோக்கின் இது அழகிய விதியே; இரண்டும் எதிரெதிர் ஓரங்களில் நிற்கும். கிழக்கு மேற்காக வரிசையாய் நிற்கும் வீடுகளில் நோக்குக. என் வாயு மூலை, மேற்கு வீட்டாரின் ஈசானியத்தை ஒட்டியது. என் ஈசானியம், கிழக்கு வீட்டாரின் வாயு மூலையை ஒட்டியது. ஆதலின் சாஸ்திரம் வழுவாத தெருவில் ஒவ்வொருவர் குழியும் அடுத்தவர் போர்வெல்லுக்கு ஒரு காம்பவுண்டுச் சுவரே இடையாக அமையும்.

மூடியியல்

மூடி மூவகை: திறப்பது, தேடுவது, தகர்ப்பது. திறப்பது, ஒவ்வோர் அறைக்கும் ஒன்றாய்க் கொக்கியோடு தரைமட்டத்தில் இருப்பது. தேடுவது, மேலே மண் கொட்டித் துளசிமாடம் வைத்தது. தகர்ப்பது, கார் நிறுத்த டைல்ஸ் ஒட்டியது. நாட்டில் மிகுதியாய் வழங்குவன பின்னிரண்டே.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, லாரியை அழைத்துச் சேற்றை உறிஞ்சல் வேண்டும். அழைக்கும் எண் 14420. எடுத்த சேறு ஏரிக்கரைக்கன்றி, கருங்குழி என்னும் ஊரில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லல் வேண்டும்.

இங்கே விளையாட்டுக்கு இடமில்லை. உள்ளே இருப்பவை ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும். இறங்கியவரையும், அவரைக் காக்க இறங்கியவரையும் சேர்த்துக் கொல்லும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இறக்கிய வீட்டுக்காரரும் அதனுள் அடங்குவர். இறந்தோர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்றது, 2023-இல் 30 லட்சம் என்றது. தொகை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே இறங்குதல் நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

புறனடை

ஆகவே தேர்வைக் கடைசியிலிருந்து தொடங்குக. முதலில் லாரி எங்கே நிற்கும், குழாய் எவ்வழி வரும், அடுத்து மூடி, அடுத்து உறிஞ்சு குழியும் அண்டை வீட்டார் கிணறும், இறுதியில் தொட்டி. இந்நான்கும் ஒழுங்குபட்டபின், எந்த மூலை என்று ஜோசியரைக் கேட்பார் கேட்டுக்கொள்க.