41 பீரியட் கடன்

பள்ளிக்கூடத்தில் பி.டி. சாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. விசில் சத்தம் எங்கே வருகிறதோ அங்கே இருப்பார். சத்தமே இல்லையென்றால் ஹெச்.எம். அறை வாசலில் பந்தல்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அரசுப் பதிவேட்டில் அவர் உடற்கல்வி ஆசிரியர். நடைமுறையில் மைக் செட்டு, கொடிக்கயிறு, தண்ணீர்த் தொட்டி, மயங்கி விழும் பிள்ளை, வகுப்புக்குள் வந்த பாம்பு ஆகிய அனைத்துக்கும் பொறுப்பாளர். விளையாட்டு மட்டும் நேரம் கிடைத்தால்.

நான் அதே பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவன். என் வகுப்பு ஜன்னல் மைதானத்தைப் பார்த்து இருப்பதால், பத்து வருடமாக முகலாயப் பேரரசையும் அவரையும் சேர்த்தே கவனித்து வருகிறேன். போன ஆகஸ்ட்டில் ஒரு வாரத்தைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பிரேயர். அரசு உத்தரவுப்படி தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி, தேசிய கீதம் 52 வினாடி. இந்த இரண்டு எண்ணும் எங்கள் பள்ளியில் அவருக்கு மட்டும்தான் மனப்பாடம், ஏனென்றால் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். பாட்டு அவருக்குப் பாட்டல்ல, ஓட்டப் பந்தயம். பாடி முடித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தனியாகப் போய், “வெள்ளிக்கிழமை 63ல முடிச்சீங்க, இன்னைக்கு 68. என்னாச்சு? சாப்பிடலையா?” என்று கவலையோடு விசாரிப்பார்.

பிரேயர் முடிந்ததும் தலைமுடிச் சோதனை. வரிசையின் பின்னால் நடந்தபடியே பிடரியைப் பார்த்து வகுப்பும் பெயரும் சொல்லக்கூடியவர். பாக்ஸ் கட்டிங்கோ, காதுக்கு மேல் கோடு போட்டதோ கண்ணில் பட்டால், கடைத்தெரு சலூனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். சலூன்காரர் அவருடைய பழைய மாணவர், முன்னாள் கோல்கீப்பர். அங்கே ‘பி.டி. சார் கட்டிங்’ என்றே ஒரு தினுசு உண்டு. கேட்டு வாங்குகிறவர்கள் கிடையாது.

செவ்வாய்க்கிழமைதான் கடன் விவகாரம் எனக்கு முழுதாகத் தெரிந்தது. கால அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பீரியட். தாளில் அது இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு வாசலில் கணக்கு சார் ஒரு சாக்பீஸோடு நின்று, “சார், போர்ஷன் முடியல. இந்த ஒண்ணு மட்டும்” என்பார். உள்ளே நாற்பது பிள்ளைகள் அடிவயிற்றிலிருந்து “சா...ர்ர்” என்று இழுப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து வகுப்பில் நானே பாடத்தை நிறுத்திவிடுவேன், ஏதோ இழவு விழுந்துவிட்டது போல. பி.டி. சார் இல்லை என்று சொன்னதே கிடையாது. சொல்லவும் முடியாது. பொதுத்தேர்வில் கணக்குக்கு 100 மதிப்பெண், ஓடுவதற்கு எத்தனை?

அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருப்பதை அன்று பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் தேதி, வகுப்பு, வாங்கியவர் பெயர். மளிகைக்கடை அண்ணாச்சி எழுதுகிற பற்று நோட்டு மாதிரியே இருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து கணக்கு சார் பேரில் மட்டும் 41. ஆங்கிலம் 17. அறிவியல் 12. “உங்க பேரிலயும் மூணு இருக்கு சார்” என்றார், முகத்தைப் பார்க்காமல். எனக்கு ஒன்றுதான் ஞாபகம்.

அவருடைய அலுவலகம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ‘விளையாட்டு அறை’ என்று போர்டு. உள்ளே நுழைய ஆள் கூன வேண்டும். இலவச நோட்டுப் புத்தகக் கட்டுகள், உடைந்த பெஞ்சு, குடியரசு தினத்துக்கு வாங்கிய காகிதத் தோரணம், இவற்றுக்கெல்லாம் பின்னால் காற்றுப்போன இரண்டு கால்பந்துகள். ஈட்டி ஒன்று உண்டு, ஒட்டடை அடிக்க. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, மூன்று கிலோ இரும்புக் குண்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் குண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியமே லாரி வந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கான விலையில்லா சைக்கிள்கள். முழு சைக்கிளாக வராது. சக்கரம் தனியாக, ஹேண்டில்பார் தனியாக இறங்கும். நாலு ஃபிட்டர்கள் மைதானத்தில் உட்கார்ந்து பூட்டுவார்கள். விழா தேதி கிடைக்கும்வரை மொத்தமும் மைதானத்திலேயே நிற்கும். 138 சைக்கிள். அவர் விடியற்காலையில் சுண்ணாம்புப் பொடியில் போட்டிருந்த ஓடுபாதையின் மேலேயே முதல் கட்டு இறங்கியது. அவர் விசிலை வாயில் வைத்தார், பிறகு எடுத்துவிட்டார்.

புதன்கிழமை அதிகாரி ஒருவர் வந்தார், போனார். மகிழ் முற்றம் திட்டத்தில் பள்ளியைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்திருப்பதால், ஐந்து வரிசையாக நிறுத்திக் கைதட்ட வைத்தது பி.டி. சார். ஒரு விரலில் தொடங்கி ஐந்து விரலுக்கு ஏறுகிற மழைக் கைதட்டல் அவருடைய ஸ்பெஷல். பாலைக் குழுவுக்கும் மழை பெய்தது. வேறொன்றும் விசேஷமில்லை.

வியாழக்கிழமை குறுவட்டப் போட்டி. பி.டி. சார் என்ற ஜீவனை அன்றுதான் அவருடைய சொந்தக் காட்டில் பார்க்கலாம். ‘துணைக்கு ஒரு ஆசிரியர்’ என்று என்னையும் அனுப்பியிருந்தார்கள். காலை ஆறரைக்கு டவுன் பஸ். 26 பிள்ளைகள், ஒரு தூக்குவாளி எலுமிச்சை சாதம், ஒரு பாக்கெட் சேஃப்டி பின், ஒரு வலி ஸ்ப்ரே. பி.டி. சார்களின் வைத்திய முறையில் மருந்து ஒன்றே ஒன்றுதான். கால் பிசகினாலும் ஸ்ப்ரே, வயிறு வலித்தாலும் ஸ்ப்ரே. தலைவலி என்ற ஒருவனுக்கு மட்டும் பாட்டிலைக் காட்டினார், உடனே குணமாகிவிட்டது.

பஸ்ஸில் அவர் பிள்ளைகளுக்குச் சொன்னது மாரியப்பன் தங்கவேலு கதை. சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி, சின்ன வயதில் பஸ் ஏறிச் சிதைந்த கால், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். “அவரை ஸ்கூல்ல உயரம் தாண்டச் சொன்னது யாரு தெரியுமா?” என்று நிறுத்துவார். பிள்ளைகள் கோரஸாக, “பி.டி. சார்!” தமிழ்நாட்டில் எந்தப் பி.டி. சாரும் இந்த இடத்தில் தன் பங்காளியைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் நெஞ்சை நிமிர்த்துவார்.

மைதானத்தில் பத்துப் பள்ளிகளின் பி.டி. சார்கள். எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே மாதிரி கறுத்த முழங்கை, ஒரே தொண்டை. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய நாளிலிருந்து வருகிற குருபரம்பரை. ஒருவர் கற்றுக்கொடுத்தது எல்லோரிடமும் இருக்கும். அதுதான் அன்றைக்கு எங்களுக்கு வினையாகிப் போனது.

தொடர் ஓட்டம். பேட்டன் 28இலிருந்து 30 சென்டிமீட்டர் நீளம், குறைந்தது 50 கிராம் எடை இருக்க வேண்டும். எங்கள் பையன்கள் பழகியது மோட்டார் ரூமில் கிடந்த பி.வி.சி. குழாயை அறுத்த துண்டில். நீளம் கச்சிதம், நிறம்தான் சாம்பல். குச்சியைக் கொடுக்கிறவன் “ஸ்டிக்!” என்று கத்துவான். வாங்குகிறவன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். இரண்டு மாதம் இதையேதான் சொல்லிக் கொடுத்தார், பள்ளி விட்ட பிறகு, கடன்காரர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன நேரத்தில்.

கடைசி மாற்றம். எங்கள் பையன் இரண்டாவதாக வருகிறான். பக்கத்து லேனில் இன்னொரு பள்ளிப் பையன் அரை அடி முன்னால். அவன் “ஸ்டிக்!” என்றான். அவனுக்கும் அதே பாடம்தானே? எங்கள் நாலாவது ஆள் திரும்பிப் பார்க்காமல், சொல்லிக் கொடுத்தபடியே, கையை நீட்டினான், கொஞ்சம் தாராளமாக. வந்து விழுந்த குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டு பறந்தான். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. முதலாவதாக நாடாவைத் தொட்டு, கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். நூறு மீட்டர் பின்னால் எங்கள் மூன்றாவது பையன் தன் குச்சியோடு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், அந்தப் பள்ளிப் பையனோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தான்.

தகுதி நீக்கம். பி.டி. சார் அப்பீல் மேசைக்குப் போனார். என்ன வாதாடினாரோ, நடுவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பையனின் தோளில் கை வைத்து, “திரும்பிப் பார்க்கல பாரு, அது கரெக்ட்” என்றார். அவ்வளவுதான்.

கபடியில் முதல் சுற்றிலேயே வீடு. பூப்பந்தில் இரண்டாமிடம். தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்கிற ஆட்டம், மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். எங்கள் வட்டாரத்தில் அதை ஆட மொத்தம் இரண்டு அணிகள்தான் வந்திருந்தன. இதை நான் எங்கேயும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

குண்டு எறிதலில்தான் அது நடந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், வட்டத்துக்குள் போய்க் குண்டைக் கழுத்தில் வைத்தாள். 8 மீட்டர் 12. முதலிடம். இந்தப் பிள்ளை எங்கே பழகியது என்று கேட்டேன். “பஸ் ஆறு மணிக்குத்தான் சார் இவளுக்கு. சும்மா நிக்கிறாளேன்னு, கதவுல முட்டுக் கொடுத்த குண்டைக் குடுத்தேன்” என்றார். அவள் பழகுகிற ஒரு மணி நேரமும் விளையாட்டு அறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்குமாம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடமே சாதனையில் மிதந்தது. அறிவிப்புப் பலகையில் ‘குண்டு எறிதல் முதலிடம், பூப்பந்து இரண்டாமிடம்’. இரண்டாமிடத்தைப் பற்றி என் வாக்குறுதியைக் காப்பாற்றினேன். ஃபோட்டோவில் ஹெச்.எம். மேடம், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், கணக்கு சார் (உயரமானவர், நடுவில் நிறுத்தினால் எடுப்பாக இருக்கும்), ஓரத்தில் அந்தப் பெண். எடுத்தவர் பி.டி. சார். எடுக்கும்போதும் விசில் ஊதித்தான் எடுத்தார்.

பத்து நாளில் மாவட்டப் போட்டி. இப்போது ஓடுவதற்கு இல்லாவிட்டாலும் எறிவதற்காவது இடம் வேண்டும். மைதானம் முழுக்க 138 சைக்கிள். பெண்ணுக்கு ஒரு பீரியடாவது வேண்டுமென்று நோட்டைத் திறந்துகொண்டு கணக்கு சாரிடம் போனார். கடன் கேட்டு வந்தவரைப் பார்த்துப் பழகாத கணக்கு சார் எழுந்தே நின்றுவிட்டார்.

“41ல ஒண்ணைக் கழிச்சுக்குங்க சார்.”

“பீரியட் வேணாம் சார். நீங்க வந்து டேப்போட ஒரு முனையைப் பிடிங்க.”

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஃபிட்டர்கள் போன பிறகு இருவரும் மைதானத்தில் நின்றிருந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். குண்டு விழ வேண்டிய பகுதி 34.92 பாகைக் கோணம். கோணமானி வைத்து மண்ணில் அளக்க முடியாது. வட்டத்தின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 20 மீட்டர் கோடு இழுத்து, அந்த இரு முனைக்கும் நடுவில் 12 மீட்டர் வைத்தால் கோணம் தானாக வந்துவிடும். பி.டி. சார் இதைச் சொன்னதும் கணக்கு சார் கொஞ்ச நேரம் டேப்பைப் பிடித்தபடியே யோசித்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்து குச்சியால் ஒரு முக்கோணம் போட்டுச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கோட்டின் மேல், ஒவ்வொரு பக்கமும் வரிசையாக, விசிறி விரித்த மாதிரி சைக்கிள்களை நகர்த்தி நிறுத்தினார்கள். நடுவில் காலி மண்.

திங்கட்கிழமை ஹெச்.எம். மேடம் வராண்டாவில் நின்று பார்த்தார்கள். “என்ன சார், சைக்கிளெல்லாம் கோணலா நிக்குது?”

“எண்றதுக்குச் சுலபம் மேடம்.”

“குண்டு தவறி அரசாங்க சைக்கிள்ல விழுந்தா?”

“அதுக்குத்தான் மேடம்” என்றார் பி.டி. சார். “இனிமே அந்தப் புள்ள நேரா எறியும்.”