வலது ஓரத்துக் காலுறை

கோணல் சிந்தனை என்பது பைத்தியம் அல்ல. நல்ல புத்தியிலும் ஒரே பக்கமாகச் சாயும் தராசு. அதில் நிறுத்து எடுத்த முடிவு சுயவிருப்பம்தானா என்பதே வழக்கு.

அமெரிக்க உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் 1977இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வரிசையாக நான்கு ஜோடி நைலான் காலுறைகள். நான்கும் அச்சு அசல் ஒன்றே. வலது கோடி ஜோடியே சிறந்தது என்றார்கள் 40 சதவீதம் பேர். இடது கோடிக்குக் கிடைத்தது 12. காரணம் கேட்டால், துணியின் தரமாம். ‘வைத்த இடம் காரணமாக இருக்குமோ?’ என்றதும், கேட்டவருக்குத்தான் ஏதோ கோளாறு என்பதுபோலப் பார்த்தார்கள்.

1974இல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானெமனும் எண் சக்கரம் ஒன்றைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றபோது வந்த விடைகளின் நடுமதிப்பு 25. 65இல் நின்றபோது 45. ஐ.நா.வுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதனால் சுயவிருப்பம் செத்துவிட்டதா? சட்டம் அசைந்து கொடுக்கவில்லை. இங்கிலாந்தின் 1843ஆம் ஆண்டு மக்நாட்டன் விதிகளின்படி, செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறியவிடாத மனக்கோளாறுக்குத்தான் விலக்கு. ஆயிரம் ரூபாய்ப் பொருளை 999க்கு வாங்கி லாபம் என்று மகிழ்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

தத்துவத்தில் ஒரு சாராரின் சமரசம் இது: சாய்வு இருப்பதல்ல, தெரிந்தபின்னும் திருத்த முடியாமல் போவதே அடிமைத்தனம். ஆறுதலான விளக்கம்தான். ஒரே சிக்கல், தராசு சாய்ந்திருப்பது அடுத்தவர் கடையில் மட்டுமே எல்லோருக்கும் தெரிகிறது.