வடையின் கறுப்புப் பக்கம்

பாட்டி வடை சுட்ட கதையை இன்னும் பழையபடியே பிள்ளைகளுக்குச் சொல்வது நாட்டுக்கே அவமானம். ஹாலிவுட்டில் 2012-லேயே ஸ்னோ ஒயிட் கவசம் மாட்டி வாள் தூக்கிவிட்டாள். 2023-இல் வின்னி த பூ, அந்தத் தேன்குடிக் கரடி, கொலைகாரனாகவே ஆகிவிட்டது. நம் காக்கா மட்டும் இன்னும் வாயில் வடையோடு மரத்தில்.

படப்பிடிப்புக்குச் சேத்தியாத்தோப்புதான் லாயக்கு. வெள்ளாற்று அணைக்கட்டின் மேல் காக்கா ராத்திரி முழுக்க மழையில் நனைந்தபடி யோசிக்கும். வசனம் கிடையாது, 'கா' கூடக் கிடையாது. நரிக்குச் சின்ன வயதில் ஒரு சோகம்: சர்க்கரை ஆலைக்குப் போன கரும்பு டிராக்டர் அதன் தாயை அடித்துவிட்டது. ஆகவே நரி என்ன செய்தாலும் நியாயம். வில்லி, பாட்டி. அந்த எண்ணெயை எத்தனை தடவை காய்ச்சினார் என்பதுதான் இடைவேளைத் திருப்பம். இருட்டுக்குப் பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரிதான். கலர் கிரேடிங்கில் கறுப்பாக்கிவிடலாம்.

ஒரே சங்கடம். 1812-இல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாயே. கடைசியில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு ஆடி ஆடியே சாகிறாள். பிறகுதான் தாயைச் சித்தியாக்கினார்கள். வெளுத்ததற்கா மறுபடி சாயம் என்று தயாரிப்பாளரிடம் கேட்டேன். அவர் அசரவில்லை.

"கொலையெல்லாம் இருக்கட்டும் சார். 'எண்ணெய்ப் பலகாரம் உடல்நலத்துக்குக் கேடு'ன்னு கீழே ஒரு வரி போட்டா, யு சர்டிபிகேட் கிடைச்சிடும்."