அடிவயிறும் அறிவும்: கார்ட்டூன் ரோலர் கோஸ்டர்களில் கல்விச் செயல்பாடுகள் குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

சுற்றுலா இருவகைப்படும். சும்மா போவது ஒன்று. பள்ளியிலிருந்து போவது மற்றொன்று. முதல் வகையில் கைக்காசு மட்டும் கரையும். இரண்டாவதில் காசும் கரையும், போதாக்குறைக்குப் பயிற்சித்தாள் ஒன்றும் கையில் திணிக்கப்படும். "பார்த்ததை எழுதுக", "ஏன் என விளக்குக", "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்னும் மூவகை வினாக்களால் ஆன இத்தாள் அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, பால் பண்ணை ஆகியவற்றை வென்று முடித்து, இப்போது ரோலர் கோஸ்டரின் அடிவாரத்தையும் எட்டிவிட்டது. அமெரிக்காவில் பல கேளிக்கைப் பூங்காக்கள் வசந்த காலத்தில் 'இயற்பியல் நாள்' என்று ஒன்றை அறிவித்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்து பேருந்தாக வரவழைக்கின்றன. அந்த ரோலர் கோஸ்டரே ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் பெயரில் ஓடும்போது கல்விக்கு என்ன நேர்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள்.

2. ஆய்வு எல்லையும் முறையும்

மின்னசோட்டா மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் 'மால் ஆஃப் அமெரிக்கா' என்னும் பெரும் வணிக வளாகம் 1992இல் திறக்கப்பட்டது. அதன் நடுவயிற்றில், கூரைக்கடியில், ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. நிக்கலோடியன் யூனிவர்ஸ் என்பது அதன் இன்றைய பெயர். அங்கே 2008 முதல் ஓடும் 'ஸ்பாஞ்ச்பாப் ஸ்குவேர்பேண்ட்ஸ் ராக் பாட்டம் பிளஞ்ச்' என்ற ரோலர் கோஸ்டரே நம் முதன்மை ஆய்வுப்பொருள். உயரம் சுமார் 20 மீட்டர். வண்டி நேர் செங்குத்தாக ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, 97 டிகிரியில் விழும். செங்குத்து என்றாலே 90 டிகிரிதான். மேற்கொண்டு அந்த 7 டிகிரி எதற்கு என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதில்லை. உடன் வந்த ஆசிரியர்களே கேட்கிறார்கள்.

ஆய்வாளர் வண்டியில் ஏறவில்லை. ஆய்வுப்பொருளிலிருந்து விலகி நிற்பதே நடுநிலை என்பது ஆய்வுலகின் பழைய மரபு. 97 டிகிரியைப் பார்த்த பிறகு அம்மரபின் மீது ஆய்வாளருக்கு மதிப்பு கூடியது.

3. மூல வரலாறு

இந்த ரோலர் கோஸ்டரின் குலமுறையைத் தேடிப் போனால் வியப்பான ஓர் உண்மை கிட்டுகிறது. இதன் மூலமே ஒரு பாடக் குறிப்புதான்.

ஸ்பாஞ்ச்பாபைப் படைத்த ஸ்டீபன் ஹில்லன்பர்க் 1980களில் கலிஃபோர்னியாவின் டேனா பாயிண்ட்டில், ஆரஞ்சு கவுண்டி கடல்சார் நிறுவனத்தில், மாணவர்களுக்குக் கடலுயிரியல் கற்பித்தவர். ஓதமேறி இறங்கும் கரையோரத்தில் எவையெவை வாழ்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க அவர் ஒரு படக்கதை வரைந்தார். அதைத் தொகுத்துச் சொல்லும் பாத்திரம் ஒரு கடற்பஞ்சு. கடற்பஞ்சுக்குக் கண் இல்லை, வாய் இல்லை, மூளையும் இல்லை. ஆனாலும் அது விலங்கினமே. இந்தத் தகவலைப் பிள்ளைகள் மறக்கக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, அதற்கே கண்ணும் வாயும் வைத்து முன்னால் நிறுத்தினார். பின்னர் அவர் அசைவூட்டக் கலை பயின்றார். கடற்பஞ்சு சதுரமாகிக் கால்சட்டை போட்டுக்கொண்டு 1999இல் தொலைக்காட்சிக்கு வந்தது.

ஆக, ஓர் ஆசிரியர் மாணவர்களுக்காக வரைந்த பாடம் படக்கதையாகி, படக்கதை தொலைக்காட்சித் தொடராகி, தொடர் ரோலர் கோஸ்டராகிவிட்டது. அதைப் பார்க்க இன்னோர் ஆசிரியர் நாற்பது பிள்ளைகளோடு பயிற்சித்தாளும் கையுமாக வந்து நிற்கிறார். கல்வி தப்பித்து ஓடியது. கல்வியே துரத்தி வந்து பிடித்திருக்கிறது. கல்வி வரலாற்றில் இதைவிட நீண்ட சுற்றுவழி வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

துணைச் சான்று ஒன்று. 'ராக் பாட்டம்' என்ற பெயர் தொடரின் முதல் பருவத்தில் வந்த ஒரு கதையிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் ஸ்பாஞ்ச்பாபும் அவன் தோழன் பாட்ரிக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவிலிருந்து வீடு திரும்பும்போது தவறான பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். அது செங்குத்துச் சரிவில் இறங்கி ஓர் ஆழ்கடல் பள்ளத்தில் கொண்டுபோய் விடுகிறது. பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து திரும்பும் பள்ளிப் பேருந்தின் வாசலில் நின்று தலைகளை எண்ணும் எந்த ஆசிரியருக்கும் இக்கதை நகைச்சுவையாகத் தோன்றாது.

4. செயல்பாடுகள்

4.1 வேகம் காணல். கருவிகள்: உயரம், வர்க்கமூலம், துணிவு. 20 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வின்றி விழும் பொருளின் வேகத்தைக் காண்க. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், இரண்டை 10ஆலும் 20ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க, விநாடிக்கு 20 மீட்டர் என்று வரும். மணிக்கு 72 கிலோமீட்டர். ரோலர் கோஸ்டர் மாணவர்க்குச் செய்யும் பேருதவி இது: விடை பின்னமின்றி வருகிறது. இந்தக் கணக்கில் எடை எங்கும் இல்லை என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும். ஒல்லியான பையனும் மதிய உணவு இரண்டு பங்கு வாங்கியவனும் ஒரே வேகத்தில்தான் விழுவார்கள். இயற்கை காட்டும் சமத்துவங்களில் இது தலையாயது.

4.2 முடுக்கமானி. ஒரு கண்ணாடிநிறப் பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு சுருள்வில், அதன் நுனியில் ஒரு சிறு எடை. வில் எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவுக்கு உடல் கனக்கிறது என்று பொருள். பக்கவாட்டு முடுக்கத்துக்குக் கோணமானியில் நூல் கட்டி எடை தொங்கவிட்டால் போதும். இவற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி, விழும் வேளையில் அளவைப் பார்த்து, இறங்கிய பின் எழுத வேண்டும் என்பது பாடத்திட்டம். மாணவர் விழும் வேளையில் என்ன செய்கிறார் என்பது கீழே நிற்போர் அனைவர்க்கும் தெரியும்: கண்ணை மூடிக்கொண்டு அலறுகிறார். எனவே 'அளவு' என்ற கட்டத்தில் நிரப்பப்படும் எண்கள் பெரும்பாலும் பின் இருக்கை மாணவரின் எண்களாக உள்ளன. பின் இருக்கை மாணவர் முன் இருக்கை மாணவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

4.3 வளையம். பயிற்சித்தாளில் தலைகீழ் வளையத்தை வட்டமாக வரையும் மாணவர்க்கு மதிப்பெண் குறைக்கப்பட வேண்டும். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஓடிய 'ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே'யின் வளையம் கிட்டத்தட்டச் சரியான வட்டம். வடிவியலுக்கு அது அழகு. ஏறியவர்களின் கழுத்துக்கு அது கேடு. காரணம் எளிது: வட்டத்தின் உச்சியில் விழாமல் தாண்டும் அளவு வேகம் வேண்டுமென்றால், அடிப்பகுதியில் நுழையும்போது உடல் தன் எடையைப் போல் ஆறு மடங்கு கனக்கும். 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மௌண்டனில் திறக்கப்பட்ட 'ரெவல்யூஷன்', வெர்னர் ஸ்டெங்கலின் கணக்குப்படி, கண்ணீர்த்துளி வடிவ வளையத்தில் ஓடியது. அடியில் வளைவு அகலம், உச்சியில் குறுகல், கழுத்து பிழைத்தது. காம்பஸ் வைத்து வரைந்த வட்டம் தேர்வுக்கு மட்டுமே உதவும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது.

4.4 கண்ணை மூடினால் விழுமா? இது ஒப்பியல் ஆய்வு. டெக்சாஸின் சான் அன்டோனியோவில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஃபியஸ்டா டெக்சாஸ் பூங்காவில், 1997 முதல் 'ரோடு ரன்னர் எக்ஸ்பிரஸ்' ஓடுகிறது. சக் ஜோன்ஸும் மைக்கேல் மால்டீஸும் 1949இல் உருவாக்கிய 'ரோடு ரன்னர்' கார்ட்டூனில், அப்பெயருடைய பறவையைத் துரத்தும் கயோட்டி (ஓநாயின் உறவு விலங்கு) மலை விளிம்பைத் தாண்டி வெறும் வானில் நடக்கும். கீழே பார்க்காதவரை விழாது. பார்த்த மறுகணம் விழும். அதாவது அவ்வுலகில் புவியீர்ப்பு பார்வையைச் சார்ந்தது. இந்த விதியின் பேரில் ஓடும் ரோலர் கோஸ்டருக்கு நியூட்டனின் விதியைக் கற்கப் பிள்ளைகளை அழைத்து வருவது, பாடத்திட்டக் குழுக்கள் இதுவரை தீர்க்காத முரண்.

இதை மாணவரைக் கொண்டே தீர்க்கலாம். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டும் மீதிப் பேர் மூடிக்கொண்டும் ஏறட்டும். இரு அணியும் ஒரே வேகத்தில் விழும், இரண்டும் அலறும். உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு கண்ணிடம் அனுமதி கேட்பதில்லை. விழும் வேளையில் உடலின் எடை மறைய, இருக்கையின் தாங்குதலும் குறைய, அடிவயிறு தனியே மிதப்பதுபோல் ஓர் உணர்வு எழுகிறது. புவியீர்ப்பு பற்றிய பாடத்தை உடல் அந்த இடத்தில்தான் படிக்கிறது. பயிற்சித்தாளில் அதற்கு இடம் விடப்படவில்லை.

4.5 தரையடுக்கு ஆய்வு. ஏற மறுக்கும் மாணவர்க்கானது. ஆகவே பெரும்பாலும் ஆசிரியர்க்கானது. மால் எழுந்த நிலத்தில் முன்பு 'மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியம்' என்னும் விளையாட்டரங்கம் இருந்தது. அதன் ஹோம் பிளேட், அதாவது பேஸ்பாலில் பந்தடிப்பவர் நிற்குமிடம், இருந்த இடம் பூங்காத் தரையில் ஒரு பட்டயத்தால் குறிக்கப்பட்டிருக்கிறது. 1967 ஜூன் 3 அன்று ஹார்மன் கில்லிப்ரூ அடித்த பேஸ்பால் பந்து 520 அடி போய் விழுந்த இருக்கையின் நினைவாக, எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு சிவப்பு நாற்காலி மாட்டப்பட்டுள்ளது. பட்டயத்துக்கும் நாற்காலிக்கும் இடைப்பட்ட தூரத்தைக் காலடியால் அளந்து, கோணமானியால் உயரம் கண்டு, பந்து போன பாதையை வரைக என்பது அருமையான வினா. நடுவே ஐஸ்கிரீம் கடைகள் குறுக்கிடுவதால் இதுவரை யாரும் முடித்ததாகத் தகவல் இல்லை.

அதற்கு மேல் அடுக்கு: 1992இன் 'கேம்ப் ஸ்னூப்பி'. ஸ்னூப்பி என்னும் கார்ட்டூன் நாயைப் படைத்த சார்லஸ் ஷூல்ஸ் பிறந்தது பக்கத்து மினியாபொலிஸில். அதற்கும் மேல் 2008இன் நிக்கலோடியன். இந்த மாற்றத்தில் ஒரு பாடபேதமும் காணக் கிடைக்கிறது: 2004இல் 'டிம்பர்லேண்ட் ட்விஸ்டர்' என்ற பெயரில் வந்த சுழல் ரோலர் கோஸ்டர், பின்னர் 'ஃபேர்லி ஆட் கோஸ்டர்' ஆனது. தண்டவாளம் அதே, வளைவு அதே, வாந்தியும் அதே. மரவெட்டிக் காடு போய்க் கார்ட்டூன் தேவதைகள் வந்தன; இயற்பியல் ஒரு பெயர்ப்பலகையையும் படித்துப் பார்க்கவில்லை.

4.6 வெப்பமும் உயிரியலும். மின்னசோட்டாவின் குளிர்காலம் கொடியது. ஆயினும் இந்த மாலின் நடுப்பகுதிக்கு மைய வெப்பமூட்டி இல்லை. கூரைக் கண்ணாடி வழி வரும் வெயில், விளக்குகள், வந்து போகும் மனிதர்களின் உடல் வெப்பம் ஆகியவையே அதை இதமாக வைத்திருக்கின்றன. வளர்ந்த ஒருவர் சும்மா இருக்கையில் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்போரை இனி எவரும் பயனற்றோர் என்று சொல்லலாகாது. பூங்காவின் செடிகளைத் தின்னும் பூச்சிகளை ஒழிக்க அங்கே பொறிவண்டுகள் விடப்படுவதும் உண்டு. கடற்பஞ்சைப் பார்க்க வந்த பிள்ளை, உயிருள்ள பொறிவண்டு ஒன்றைப் பார்த்துவிட்டுப் போவது இவ்வாய்வு கண்ட கல்விப் பயன்களில் மிகத் தூயது.

5. மறுப்பும் மறுமொழியும்

"பிள்ளைகளைச் சும்மா விளையாட விடக்கூடாதா? அங்கேயும் பாடமா?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் காலக் கணக்கு இல்லை. சவாரி ஓரிரு நிமிடம். அதற்கான வரிசையோ நெடுநேரம். வரிசையில் நிற்கும் பிள்ளைக்குச் செய்ய வேறொன்றும் கிடையாது: முன்னால் நிற்பவன் முதுகைப் பார்க்கலாம், அல்லது வண்டி சரிவின் அடியில் ஒரு தூணைக் கடக்கும் நேரத்தை அளந்து, வண்டியின் நீளத்தை அதனால் வகுத்து, வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். 4.1இல் கண்ட விடையைவிட இது குறைவாக வந்தால், அந்தக் குறைவுக்குக் காற்றும் உராய்வும் காரணம் என்று தானே கண்டுகொள்ளலாம். அளப்பது, மதிப்பிடுவது, ஒப்பிடுவது ஆகிய எல்லாமே தரையில்தான் நடக்கும். வண்டிக்குள் நடப்பது ஒன்றே ஒன்று: சொன்னது உண்மைதான் என்று உடல் ஒப்புக்கொள்வது.

6. முடிவும் பரிந்துரையும்

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன:

ஒன்று, பயிற்சித்தாள் முழுவதும் வரிசையிலேயே முடிக்கப்பட வேண்டும். வண்டியில் எழுதுகோலுக்கு இடமில்லை.

இரண்டு, ஏறுமுன் ஒவ்வொரு மாணவரும் தாம் எங்கே அதிகம் கனப்போம், எங்கே எடையிழப்போம் என்று வண்டிப் பாதையின் படத்தில் குறித்துவிட்டு ஏற வேண்டும். இறங்கியபின் சரிபார்க்கலாம். சரியாகச் சொன்னவர் விஞ்ஞானி. தவறாகச் சொன்னவர் ஏன் தவறியது என்று யோசிப்பாராயின் அவரும் விஞ்ஞானியே.

மூன்று, "உங்கள் அனுபவத்தைப் பத்து வரிகளில் எழுதுக" என்ற வினா உடனடியாக நீக்கப்பட வேண்டும். 97 டிகிரியில் விழுந்தவரிடம் பத்து வரி கேட்பது மனிதநேயம் ஆகாது.

நான்கு, கீழே நின்று நாற்பது பைகளையும் பதினெட்டுத் தண்ணீர்ப் போத்தல்களையும் காத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒருமுறையாவது வண்டியில் ஏற்றப்பட வேண்டும். ஹில்லன்பர்க் கடலோரத்தில் இருந்துதான் பாடம் எடுத்தார். அந்தப் பாடம் உலகம் சுற்றியது. பைகளை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தாளைத் திருத்துபவர் ஒருமுறை விழுந்துவிட்டு வந்தாரானால், மதிப்பெண் தாராளமாக விழும் என்பது இவ்வாய்வின் உறுதியான முடிவு.