இருத்தலும் இருத்தல் நிமித்தமும்: பொங்கல் விடுமுறையில் ஒரு கிரிக்கெட் ரசிகர்

பொங்கல் விடுமுறையில் தமிழர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லப் பட்டிமன்ற நடுவர்கள் இருக்கிறார்கள். கிரிக்கெட் ரசிகர் என்ன செய்கிறார் என்பதைத்தான் அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைப் போக்க இக்கட்டுரை முயல்கிறது. ஆய்வெல்லை: 2021 ஜனவரி 14 முதல் 19 வரை. ஆய்வுக்களம்: சேலத்தில் என் சித்தப்பா வீட்டுக் கூடம். ஆய்வுப்பொருள்: சித்தப்பா. ஒரே ஒரு ஆளை வைத்து ஆய்வா, தரவு போதாதே என்பவர்கள் சித்தப்பாவை நேரில் பார்த்ததில்லை.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகருக்கு விடுமுறை கிடையாது. மற்ற நாட்களில் அலுவலகத்தில் ஓய்வெடுப்பவர் விடுமுறையில்தான் வேலை பார்க்கிறார். அந்த வேலை, உட்கார்ந்திருப்பது. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும் என்று இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். தலைவன் திரும்பி வரும்வரை தலைவி ஆற்றியிருத்தல் என்று அதற்கு உரை சொல்வார்கள். சித்தப்பாவின் உரை, சோபாவில் இருத்தல். இரண்டிலும் காத்திருப்பு உண்டு. கார்மேகத்தைப் பார்த்துக் கலங்குவதும் இரண்டிலும் உண்டு.

சித்தப்பாவின் கோட்பாட்டுக்கு இரண்டு விதிகள். இந்தியா பேட்டிங் செய்யும்போது அவர் இருந்த இடத்தைவிட்டு எழுந்தால் நம் விக்கெட் விழும். எதிரணி பேட்டிங் செய்யும்போது அவர் அந்த இடத்தில் இல்லாமல் இருந்தால் அவர்கள் விக்கெட் விழும். இது குலவழியாக வந்த அறிவு. 1982 பொங்கலன்று சேப்பாக்கத்தில் விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் இங்கிலாந்துக்கு எதிராக நாள் முழுக்க ஆடினார்கள். ஒரு விக்கெட்கூட விழவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, தாத்தா காலையில் டிரான்சிஸ்டரோடு திண்ணையில் உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை எழவில்லை. 1988 பொங்கலுக்கு அதே சேப்பாக்கத்தில் ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீஸின் 16 விக்கெட்டுகளை எடுத்தார். அந்த எதிரணி ஆடிய நேரமெல்லாம் தாத்தா தெருவில் நடந்துகொண்டே இருந்தாராம். பதிவேடுகளில் ஹிர்வானியின் பெயர்தான் இருக்கிறது. மூட்டுவலி வந்தது தாத்தாவுக்கு.

எதிர்ச்சான்றும் உண்டு. 2020 டிசம்பர் 19 காலை அடிலெய்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம் நடக்கும்போது சித்தப்பா குளிக்கப் போனார். எண்ணெய் தேய்த்துக்கொண்ட சனிக்கிழமை, சற்று நேரமானது. திருநீறு பூசிக்கொண்டு வந்து பார்த்தால், அணியின் கணக்கு 15 ரன்னிலேயே நிற்க நான்கு பேர் வெளியேறியிருந்தார்கள். இந்தியா 36-க்குச் சுருண்டது. அதற்குப் பிறகு இந்தியா பேட்டிங் செய்யும் நாட்களில் அவர் குளிப்பதில்லை. ஜனவரி 11 அன்று சிட்னியில் அஸ்வினும் விஹாரியும் 40 ஓவருக்கு மேல் தாக்குப்பிடித்து ஆட்டத்தைக் காப்பாற்றியதற்குச் சித்தப்பா குளிக்காததே காரணம் என்பது அவர் முடிவு. சித்திக்கு இதில் சுகாதாரம் சார்ந்த மாற்றுக்கருத்து உண்டு.

இனி விடுமுறை. வியாழன் பொங்கல், வெள்ளி திருவள்ளுவர் தினம், சனி உழவர் திருநாள், பிறகு ஞாயிறு. அரசு ஊழியரான சித்தப்பாவுக்குக் கொத்தாக நான்கு நாள். பிரிஸ்பேன் டெஸ்ட் வெள்ளியன்று தொடக்கம். வியாழனன்று அவர் நல்ல குடும்பத் தலைவர். கரும்பு வெட்டினார், பானைக்கு மஞ்சள் கொத்து கட்டினார், பால் பொங்கியபோது பக்கத்திலேயே நின்றார். டிவியில் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு ஓட, "லெக் சைடுல திரும்புதுடா மாடு" என்றதோடு சரி.

வெள்ளி முதல் அவர் வேறு ஆள். மார்கழி முழுக்கக் கோயில் ஒலிபெருக்கி காதருகே அலறியும் புரண்டு படுக்காதவர், தை பிறந்த மறுநாள் அலாரம் இல்லாமல் ஐந்து மணிக்கு எழுந்தார். பிரிஸ்பேன் நமக்கு நாலரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஐந்தரைக்கு முதல் பந்து.

அன்று கோட்பாடு கடுமையான சோதனைக்கு உள்ளானது. வலைப்பயிற்சிக்குப் பந்து வீசவென்று ஆஸ்திரேலியா போயிருந்த சின்னப்பம்பட்டி நடராஜன் அன்று முதல் டெஸ்ட் ஆடுகிறார். நம் மாவட்டத்துப் பையன். பார்க்காமல் எப்படி? பேட்டிங் செய்வதோ ஆஸ்திரேலியா. சித்தப்பா சோபாவில் இருந்தால் பையனுக்கு விக்கெட் கிடைக்காது. அன்பா, கடமையா? சங்கப் புலவர்களே திணறும் இடம். சித்தப்பா எழுந்து வெளியே போனார். வாசல் படியில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஜன்னல் வழியே வர்ணனையை மட்டும் கேட்டார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிய மாடுகள் தெருவில் போயின. நடராஜன் வேடை வீழ்த்தினார், சதமடித்திருந்த லபுஷேனை 108-இல் வீழ்த்தினார். அதே போட்டியில் அறிமுகமான வாஷிங்டன் சுந்தருக்கு ஸ்மித் கிடைத்தார். ஒன்றையும் சித்தப்பா கண்ணால் காணவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து நாங்கள் கத்த, "எப்படி அவுட்டு? எப்படி அவுட்டு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். ரீப்ளே பார்க்கலாமா என்பதில் கோட்பாடு தெளிவாக இல்லை. ஆகவே அதையும் தவிர்த்தார்.

காணும் பொங்கலன்று இந்தியா பேட்டிங். உறவுகளைக் காணும் நாளில் சித்தப்பா ஒருவரையும் காணவில்லை. காலையிலேயே வந்துவிட்ட பெரியம்மா உரிமையோடு அவர் பக்கத்தில் உட்கார, அவர் நாலு விரல்கடை நகர நேர்ந்தது. ரோகித் அவுட். பெரியம்மாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. தேநீர் இடைவேளையோடு பிரிஸ்பேனில் மழை கொட்டி ஆட்டம் நின்றது. அவர் வீட்டாரோடு பேசியது அந்த மழைக்காலத்தில்தான்.

ஞாயிறன்று ஒரு புறனடை. 186-க்கு ஆறு விக்கெட் போனதும் மனம் வெறுத்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கீழே சுந்தரும் தாக்கூரும் நிலைத்துவிட்டார்கள். விதிப்படி பார்த்தால் அவர் இல்லாதபோது விக்கெட் விழ வேண்டும், விழவில்லை. உண்மையான அறிஞர் தரவுக்கு முன் தலைவணங்குவார். "இப்ப இதுதான் இடம்" என்று தண்ணீர்த் தொட்டி நிழலில் அமர்ந்துகொண்டார். இட்லி மேலே போனது. கூட்டணி 123 ரன் சேர்த்தது. நிழல் நகர்ந்தது, அவர் நகரவில்லை.

திங்களன்று விடுமுறை முடிந்து அலுவலகம் போனார். ஆஸ்திரேலியா அன்று ஒரே நாளில் பத்து விக்கெட்டையும் இழந்தது, சிராஜுக்கு ஐந்து. இரண்டாம் விதிக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை. ஆனால் செவ்வாயன்று 328 என்ற இலக்கை எட்ட இந்தியா ஆடியாக வேண்டும், அலுவலகமும் உண்டு. தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தில் "தவிர்க்க இயலாத சொந்தக் காரணம்" என்று எழுதினார். அவர் எழுதிய விண்ணப்பங்களிலேயே முழு உண்மையானது அது ஒன்றுதான். கையெழுத்திட வேண்டிய மேலதிகாரியும் அன்று விடுப்பு.

1988-க்குப் பிறகு அன்றுவரை பிரிஸ்பேன் மைதானத்தில் ஆஸ்திரேலியா எந்த டெஸ்டிலும் தோற்றதில்லை. புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கி 211 பந்துகள் நின்றார். சித்தப்பா இடது காலை மடித்து வைத்த நிலையில் அத்தனை பந்துகளும் இருந்தார். யாருக்கு வலி அதிகம் என்பது தனி ஆய்வுக்குரியது. மதியம் பத்து ரன் வேண்டியிருக்கையில் சுந்தர் அவுட். என்ன சத்தம் என்று பார்க்கச் சித்தி சமையலறை வாசலுக்கு வந்தார்.

"அங்கேயே நில்லு! அசையாதே!"

"ஏங்க, பால் அடுப்புல இருக்குதுங்க."

"ரன்னு வருது, நில்லுன்னா நில்லு."

தாக்கூரும் போனார், மூன்று ரன் பாக்கி. சித்தி நகர்ந்ததாலா, நகராததாலா என்று விவாதிக்க நேரமில்லை. பந்த் நேராக அடித்த பந்து எல்லையைத் தொட்டது. சித்தப்பா எழ முயன்றார், மடித்த கால் மரத்திருந்ததால் சோபாவிலேயே சாய்ந்தார். சமையலறையில் புஸ்ஸென்று ஒரு சத்தம். தீய்ந்த பாலின் வாசனை கூடத்துக்கு வந்தது.

"பொங்கலோ பொங்கல்" என்றார் சித்தி, வாசலைவிட்டு அசையாமல்.

அடுப்பைத் துடைத்தது சித்தப்பா.